தோளைக் காத்துச் செவியைக் கொடுப்பதா?

நோர்வே நாட்டின் வட கோடியிலிருந்து நமக்குச் சில காலத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம்மிடம் பௌதிகம் படித்த பழைய மாணாக்கர். யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று, மீன் பதனிடும் ஆலையொன்றில் வேலைக்கமர்ந்து, இன்று அங்கேயே வீடும் குடும்பமுமாகிவிட்டவர். அந்நாட்டார் வழக்கப்படி வேட்டைக்காரருக்குரிய தேர்விலுந் தேறி, இலையுதிர் காலத்தில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாடுங் கூட்டத்தாரோடு காட்டுக்குப் போய்வருகின்றாராம். கடிதத்தின் சாரம் இதுதான்: “சேர், துவக்கு உதைக்கிற உதையில் தோள் கன்றிப்போகிறது. குழல்வாயில் ஒரு தடுப்பானைப் பூட்டினால் உதை பாதியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார். கூட வருபவர்களோ, அதைப் பூட்டினால் எங்கள் பக்கத்தில் நில்லாதே என்கிறார்கள். யார் சொல்வது சரி?”

புலாலுண்ணாத வீட்டிற் பிறந்து, வாழ்நாளில் ஒரு குருவியைத்தானும் சுட்டறியாத நம்மிடம் இக்கேள்வி வந்தது விந்தைதான். ஆயினும் கேள்வி வேட்டையைப் பற்றியதன்று, உந்தத்தைப் பற்றியது. நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் விதியை வகுப்பிற் கற்பித்துவிட்டு, அதன் பயனைக் கேட்கும் மாணாக்கனுக்கு விடை சொல்லாமலிருப்பது ஆசிரியருக்கு அழகாகுமா?

முதலில், துவக்கு ஏன் உதைக்கின்றது? பண்ணைக் கடலிற் சிறு தோணியிலிருந்து கரைக்குத் தாவியவர் எவரும் இதனை அறிவர். நாம் முன்னே பாய்கின்றோம். தோணி பின்னே விலகுகின்றது. துவக்கிலும் அவ்வாறே சன்னம் முன்னே பாய, துவக்கு பின்னே வருகின்றது. இவ்வளவோடு நின்றால் விடயம் எளிது. ஆனால் துவக்கின் வாயிலிருந்து முன்னே பாய்வது சன்னம் மட்டுமன்று. மருந்து எரிந்து உண்டான வாயுவும் சன்னத்தின் பின்னே, அதனினும் விரைவாகப் பாய்கின்றது. இதைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை.

நம் மாணாக்கர் பயன்படுத்துவது போன்ற ஒரு ரைபிளை எடுத்துக்கொள்வோம். சன்னம் 12 கிராம். அதன் வேகம் செக்கனுக்கு 800 மீற்றர். இரண்டையும் பெருக்க, உந்தம் 9.6 அலகு. மருந்து 3.6 கிராம், அது முழுவதும் வாயுவாகிச் செக்கனுக்கு 1,200 மீற்றர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால் 4.3 அலகு. ஆக மொத்தம் ஏறக்குறைய 14. துவக்கின் நிறை 3.5 கிலோகிராம் எனின், அது செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் தோளை நோக்கி வரும். அப்போது அதன் சக்தி 28 யூல். ஒரு கிலோகிராம் நிறையுள்ள தேங்காய் மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது உள்ள சக்திக்கு இது சமம். தோள் கன்றாமல் வேறென் செய்யும்?

தோள் கன்றுவதோடு தொல்லை முடிவதுமில்லை. உதை வரப்போகின்றது என்று உடல் அறிந்துகொண்டால், விசையை இழுக்குமுன்னரே கண் மூடுகின்றது, தோள் கூசுகின்றது, குறி தவறுகின்றது. ஆபிரிக்காவில் யானை வேட்டையாடிப் பேர்பெற்ற செலூஸ் என்னும் ஆங்கிலேயர், இளமையிற் கையாண்ட பெருந்துவக்குகளின் உதை தம் நரம்புகளைக் கெடுத்துப் பிற்காலத்தில் குறிபார்ப்பதையே பாதித்ததென்று எழுதியிருக்கின்றார். குறி தவறினால் விலங்கு உடனே சாகாமற் காயத்தோடு ஓடிப் பலநாள் துன்புறும். ஆகவே உதையைக் குறைக்க விரும்புவது கோழைத்தனமன்று. வேட்டையாடுபவருக்கு அது ஒரு கடமையுமாகும்.

அக்காலத்தார் இதற்குக் கண்ட வழி துவக்கின் நிறையைக் கூட்டுவதே. நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கைக் காடுகளிற் பயன்படுத்திய துவக்குகளுள் ஒன்று பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் 1840இற் செய்து கொடுத்தது. அதன் நிறை 21 இறாத்தல். அதாவது ஒன்பதரைக் கிலோகிராம். குண்டு 3 அவுன்ஸ்; மருந்தோ 16 டிராம், நம் கணக்கில் 28 கிராம். இன்றைய ரைபிளில் இடும் மருந்தைப்போல எட்டு மடங்கு! (யானைகளை விளையாட்டாகக் கொன்று குவித்த காலம் அது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அதைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.) ஒன்பதரைக் கிலோவைத் தூக்கி நடக்கக் கூலியாட்கள் இருந்தனர். இன்று தம் துவக்கைத் தாமே சுமந்து மலையேறும் மனிதர் இலேசான துவக்கையே தேடுகின்றார். இலேசான துவக்கோ பலமாய் உதைக்கின்றது. குழல்வாய்த் தடுப்பான் இங்கேதான் கடைத்தெருவுக்கு வருகின்றது.

தடுப்பான் என்பது குழலின் நுனியில் திருகிப் பூட்டப்படும் ஒரு சிறு உருக்குத் துண்டு. அதன் பக்கங்களிற் துளைகளோ பிளவுகளோ இருக்கும். சன்னம் நேரே போய்விட, பின்னால் வரும் வாயு அத்துளைகளின் சுவரில் மோதிப் பக்கவாட்டிற் பிரிகின்றது. சிலவற்றிற் பின்னோக்கியும் திரும்புகின்றது.

தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இயந்திரம் முடுக்கிக் குழாயைக் கையிற் பிடித்தால், நீர் முன்னே பீறிட, குழாய் கையைப் பின்னே தள்ளும். வாயிற் கையை வைத்து நீரை இருபுறமுஞ் சிதறவிட்டுப் பாருங்கள், பின்தள்ளல் குறைந்துபோகும். ஆனால் பக்கத்தில் நிற்பவர் நனைந்துவிடுவார். தடுப்பானின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது; அதைப் பற்றிய தகராறும் இதில் அடங்கிவிட்டது.

எவ்வளவு உதை குறையும்? சன்னத்தின் உந்தத்தைத் தடுப்பான் தொடமுடியாது. வாயுவின் பங்கு மட்டுமே அதன் கையில் அகப்படும். வாயு முழுவதும் பக்கவாட்டிற் போய்விட்டதாகக் கொண்டால், 14 அலகு 9.6 ஆகும். துவக்கின் வேகம் செக்கனுக்கு 2.7 மீற்றராகும், சக்தி 28 யூலிலிருந்து 13க்கு இறங்கும். உந்தத்திற் குறைந்தது மூன்றிலொன்றுக்குச் சற்றுக் கீழ். சக்தியிற் குறைந்தது பாதிக்கு மேல். கடைக்காரர் “பாதி” என்று சொன்னது எந்தக் கணக்கில் என்பதை மாணாக்கர் இப்போது கண்டுகொள்ளலாம். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், விற்பவருக்கு அந்தக் கணக்கே இனிக்கும். மெய்யில் வாயுவின் ஒரு பகுதி சன்னத்தின் பின்னே நேராகவும் ஓடிவிடும்; வாயுவைப் பின்னோக்கித் திருப்பும் தடுப்பான்கள் அந்த இழப்பை ஈடுசெய்யப் பார்க்கும். எவ்வாறாயினும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

நண்பர்களும் பொய் சொல்லவில்லை.

சன்னம் வாயைவிட்டு நீங்குங் கணத்தில், குழலுள் அடைபட்டிருக்கும் வாயுவின் அமுக்கம் வளிமண்டலத்தைப்போலப் பல நூறு மடங்கு. அது ஒரேயடியாக வெளியே விரிவதுதான் வெடியோசை. இயல்பாக அவ்வோசையின் வலிமை முன்புறம் மிகுந்தும், சுடுபவர் இருக்கும் பின்புறம் குறைந்தும் இருக்கும். தடுப்பான் வாயுவைத் திருப்பும்போது ஓசையையுங் கூடவே திருப்பிவிடுகின்றது. காட்டை நோக்கிப் போகவேண்டியது காதை நோக்கி வருகின்றது. சுடுபவரின் செவியிற் சாதாரணமாக 5 முதல் 10 டெசிபெல் வரை கூடும். பக்கத்தில் நிற்பவருக்கு அதனினும் மிகலாம்.

பத்துத்தானே என்று எண்ணிவிடக்கூடாது. டெசிபெல் கூட்டற் கணக்கன்று, பெருக்கற் கணக்கு. 6 டெசிபெல் கூடினால் ஒலியமுக்கம் இரட்டிக்கும். 10 கூடினால் மும்மடங்குக்கு மேலாகும். 20 கூடினால் பத்து மடங்கு. வெடியோசை போன்ற கணநேர ஓசைக்குச் செவி தாங்கக்கூடிய உச்ச எல்லையாக 140 டெசிபெலை வகுத்திருக்கின்றனர். சிறுவர்களுக்கு 120 என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலின் அளவு. வேட்டை ரைபிளின் ஓசையோ 160ஐ ஒட்டியது. அதாவது, தடுப்பான் இல்லாதபோதே ஒரு வெடி எல்லையைப் பத்து மடங்கு தாண்டிவிட்டது. 25 டெசிபெல் குறைக்கவல்ல நல்ல செவிக்காப்பை அணிந்தவருக்கு 160 என்பது 135 ஆகி எல்லைக்குள் அடங்கும். தடுப்பான் பூட்டி 168 ஆக்கிவிட்டால், அதே செவிக்காப்பை அணிந்திருந்தும் 143. எல்லைக்கு வெளியே வந்தாயிற்று. சில டெசிபெல்லில் உள்ள சங்கதி இவ்வளவு.

இதை எழுதும்போது பூநகரிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் நம் கண்முன் நிற்கின்றார். எழுபதைக் கடந்தவர். இளமையிற் பரணிலிருந்து பன்றி காவல் பார்த்துத் துவக்கு வெடித்தே பழகியவர். அவரோடு பேசுபவர் எப்போதும் அவருடைய வலப்பக்கத்தில் உட்காரவேண்டும், இடக்காது போய்விட்டது. ஏன் இடக்காது? வலக்கையாற் சுடுபவர் வலக்கன்னத்தைத் துவக்கின் கட்டையிற் பதித்துத் தலையைத் திருப்பும்போது, இடக்காது குழல்வாயை நோக்கி நிற்கின்றது. வலக்காதோ தலையின் மறைவில் ஒதுங்கிவிடுகின்றது. “கேட்குது தம்பி, விளங்கேல்லை,” என்பார். வைத்தியர்களும் இதைத்தான் சொல்கின்றனர். வெடியோசை முதலில் அழிப்பது செக்கனுக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய கீச்சொலிகளைக் கேட்குந் திறனை. உயிரொலிகள் தடித்த ஒலிகள், அவை கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டும் வல்லினமெய்கள் மங்கிவிடும். எனவே பேச்சு ஓசையாக வருகின்றது; சொல்லாக வருவதில்லை. உரக்கக் கத்துவதால் இது தீர்வதுமில்லை.

உட்செவியில் நத்தையோட்டைப் போற் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாய் நின்று அதிர்வை நரம்புக்கு அறிவிக்கின்றன. பிறக்கும்போது உள்ள தொகை அவ்வளவே. தோளிற் கன்றிய இடம் ஒரு கிழமையில் ஆறும். அழிந்த மயிர்க்கலம் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் பறவைக்கு முளைக்கின்றது! கோழிக்குஞ்சிலும் காடையிலும் ஓசையால் அழிந்த மயிர்க்கலங்கள் புதிதாய் உண்டாவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரு குழுவினர் 1988இல் வெளியிட்டனர். 1938இற் பறவைச் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்தில் இறங்கும் பூநாரைக்கும் தாராவுக்கும், அவற்றைக் குறிவைத்த அக்கால வேட்டைக்காரருக்கு இல்லாத ஒரு வரம் வாய்த்திருந்ததென்று சொல்லலாம். வெடி தவறினால் பறவை தப்பிப் பறந்தது. செவியும் அதற்கு மீண்டிருக்கும். சுட்டவருக்கு அந்த வெடி காதோடு தங்கிவிட்டது.

ஆக, தராசின் ஒரு தட்டில் ஆறும் புண். மறு தட்டில் ஆறாத புண். இதுவே முடிவைச் சொல்லப் போதும். ஆயினும் நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. உதை குறைவதால் வரும் நன்மை முழுவதும் சுடுபவருக்கு; ஓசையின் தீமையோ பக்கத்தில் நிற்பவருக்கும். ஆபிரிக்க நாடுகளில் வேட்டைக்குத் துணைபோகும் வழிகாட்டிகள் பலர் தடுப்பான் பூட்டிய துவக்கை வெறுப்பது இதனால்தான். வருபவர் சில நாள் வேட்டையாடிவிட்டு ஊர் திரும்புவார். அடிச்சுவடு பார்த்து முன்னே நடக்கும் கூலியாளின் செவி ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

நம் நாட்டு நிலைமை என்ன? குடாநாட்டிற் பெருங்காடும் பெருவேட்டையும் இல்லை. ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குட் போனால், பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்தோடு கமக்காரர் வைத்திருப்பது பெரும்பாலும் ரைபிளன்று. சிறு ஈயச் சன்னங்களைச் சிதறும் 12ஆம் இலக்கத் துவக்கு. இதற்கும் தடுப்பான் விற்கின்றார்கள். அமெரிக்கக் கடற்படைவீரர் கட்ஸ் என்பவரின் பெயரால் 1920களில் வந்த கருவி அவற்றுட் பழையது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: சன்னங்கள் 32 கிராம், வேகம் 400 மீற்றர், உந்தம் 12.8. மருந்தோ ஒன்றரைக் கிராம். வாயுவின் உந்தம் 1.8 மட்டுமே. ரைபிளில் வாயுவின் பங்கு ஏறக்குறைய மூன்றிலொன்று, இங்கே எட்டிலொன்று. திருப்பிவிட வாயுவே இல்லாத இடத்தில் தடுப்பான் எதைத் தடுக்கும்? உதை பெரிதுங் குறையாது. ஓசை மட்டும் பின்னே வரும். நம் கமக்காரர் எவரேனும் வெளிநாட்டு உறவினரிடம் இதைக் கேட்டெழுத நினைத்தால், அந்தப் பணத்துக்குக் கட்டையின் பின்புறம் ஒட்டும் றப்பர் மெத்தையொன்றையும், ஒரு சோடி செவிக்காப்பையுங் கேட்பது நன்று. றப்பர் மெத்தை உந்தத்தைக் குறைப்பதில்லை; அதைத் தோள் ஏற்கும் நேரத்தை நீட்டுகின்றது. வந்த பந்தைக் கையைப் பின்னிழுத்துப் பிடிக்கின்றோமே, அதுபோல.

பரணிற் கமக்காரர் தனியே இருப்பதுமில்லை. ரோச் லைற்றைப் பிடிக்க மகனோ பேரனோ பக்கத்திற் குந்தியிருப்பான். யானை கலைக்கக் கொடுக்கப்படும் யானைவெடியைக் கொளுத்தும்போதும் அவ்வாறே. துவக்கு அப்பனுடையது, அனுமதிப்பத்திரமும் அப்பனுடையது, காது பிள்ளையுடையது. 1983 முதல் 2009 வரை எறிகணையும் குண்டும் கேட்டு வளர்ந்த மண் இது. காதிரைச்சலோடு உறங்கி எழுபவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று கேட்டுப்பார்த்தால் தெரியும். அவர்கள் விரும்பிக் கேட்ட ஓசையன்று அது. விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் ஓசை இன்னொன்று வேண்டுமா?

தோளையுஞ் செவியையும் ஒருங்கே காக்கும் வழி உண்டா என்றால், ஓரளவு உண்டு. ஹைரம் மக்சிம் என்பவர் 1884இல் இயந்திரத் துவக்கை ஆக்கி உலகப் புகழ் பெற்றார். அதை வெடித்து வெடித்தே செவிடானார். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மக்சிம் 1909இல் ஒலியடக்கிக்கு உரிமம் பெற்றார். தந்தை உலகுக்குத் தந்த ஓசையை அடக்க மகன் வந்ததுபோலத் தோன்றுகின்றதன்றோ! ஒலியடக்கி வாயுவைத் திருப்புவதில்லை. பல அறைகளிற் சுழலவிட்டு, ஆறவைத்து, மெல்ல வெளியே விடுகின்றது. மோட்டார்ச் சைக்கிளின் சைலன்சரும் இவ்வினத்ததே. (அதைக் கழற்றியெறிந்துவிட்டு இரவிற் பறக்கும் இளைஞருக்கு இந்த வரலாறு உதவலாம்.) 20 முதல் 30 டெசிபெல் வரை ஓசை குறையும், வாயுவின் வேகம் தணிவதாலும், குழலிற் சிறிது நிறை கூடுவதாலும் உதையும் ஓரளவு குறையும். சினிமாவில் வருவதுபோல “புஸ்” என்ற சத்தத்தோடு காரியம் முடியும் என்பது மட்டும் பொய். ஒலியைவிட விரைந்து செல்லும் சன்னம் காற்றைக் கிழிக்கும் ஓசையை எவ்வடக்கியும் அடக்காது. அதைப் பூட்டினாலும் செவிக்காப்பு வேண்டும். இக்கருவியைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. நோர்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றனர்.

இவ்வளவையும் எழுதி, கணக்கையும் போட்டு, “நண்பர்கள் சொல்வதே சரி, ஒலியடக்கியை வாங்கும், மருந்து குறைந்த தோட்டாவில் பழகும்,” என்று நம் மாணாக்கருக்கு விடையனுப்பினோம். அவர் அப்படியே செய்தாராம். தோள் இன்னுஞ் சற்று நோகின்றது என்றும், கூட்டத்தார் பக்கத்தில் நிற்க விடுகின்றார்கள் என்றும் எழுதியிருந்தார். பூநகரிப் பெரியவரைப் பற்றி நாம் எழுதியதைப் படித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு செவிக்காப்புகளையுங் கொடுத்தனுப்பியிருந்தார்.

அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார். “இதைப் போட்டால் பன்றி வாற சத்தம் எப்பிடியடா தம்பி கேட்கும்?” என்றார். நியாயமான மறுப்பு; நாம் போட்ட கணக்கில் அது வரவில்லை. மெல்லிய ஓசையைப் பெருக்கி, வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்செவிக்காப்பும் உண்டென்றோம். அதன் விலையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மற்றதை எடுத்து, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு, அவன் தலையின் அளவுக்கு அதன் வளையத்தைச் சுருக்கத் தொடங்கினார்.